ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள்: யாருடைய பிள்ளை குழந்தை?



பதினாறு வயதுப் பையன் ஒருவன் பைக் திருட்டில் பிடிபடுகிறான். வசதியான வீட்டுப் பிள்ளை என்றால், "வயசுக் கோளாறு, தெரியாமல் செய்துவிட்டான்" என்கிறது ஊர். சேரியிலிருந்தோ குறவர் குடியிருப்பிலிருந்தோ வந்தவன் என்றால், "அவங்க பொழப்பே அதுதானே" என்கிறது. இந்த இரட்டை நாக்கு நேற்று முளைத்ததல்ல. அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள்.

1860இன் இந்திய தண்டனைச் சட்டம், 7 வயதுக்குட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமில்லை என்றது. 7 முதல் 12 வயது வரை, செய்ததன் விளைவு புரியும் முதிர்ச்சி இல்லாவிட்டால் குற்றமில்லை என்றது. புரிதல் இருந்தால்தான் பொறுப்பு என்பதே இதன் அடிப்படை. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் இந்த அடிப்படையையே புரட்டிப் போட்டது. அங்கே புரிதலும் வேண்டாம், செயலும் வேண்டாம், பிறப்பே போதும்.

1897ஐப் பாருங்கள். அந்த ஆண்டின் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம், தண்டனை பெற்ற 15 வயதுக்குட்பட்ட சிறுவனைச் சிறைக்குப் பதிலாகப் பள்ளிக்கு அனுப்ப வழி செய்தது. அதே ஆண்டு குற்றப் பரம்பரைச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. பட்டியலிடப்பட்ட சமூகங்களின் 4 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிக் குடியிருப்புகளில் வைக்கலாம் என்றது அது. முதல் சட்டத்தின் சிறுவன் குற்றம் செய்தவன். இரண்டாவதில் நான்கு வயதுக் குழந்தை என்ன குற்றம் செய்தது?

1911இல் இச்சட்டம் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரின் பிரமலைக் கள்ளர் மக்கள் மீது போலீஸ் சுட்டது. 15க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே 1920இல்தான், அதே மாகாணத்தில், இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டமான சென்னைக் குழந்தைகள் சட்டம் வந்தது. சிறுவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து விசாரிக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம் அதில் இருந்தது. ஒரே அரசுதான் ஒரு கையால் குழந்தையை அணைத்தது, மறு கையால் இன்னொரு குழந்தையின் தகப்பனிடம் ரேகை கேட்டது.

குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் ஒழிந்தது. அந்தப் பார்வை ஒழிந்ததா?

1986இல் நாடு முழுமைக்குமான இளைஞர் நீதிச் சட்டம் வந்தது. அதில் ஆண் பிள்ளைகளுக்கு வயது வரம்பு 16. 2000இல் எல்லோருக்கும் 18 ஆனது. 2012 டெல்லி கொடுமைக்குப் பிறகு எழுந்த கோபத்தில் 2015இல் புதிய சட்டம் வந்தது. கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 - 18 வயதினரை, முதிர்ச்சியை மதிப்பிட்ட பின், பெரியவர்களைப் போல விசாரிக்கலாம் என்றது. பாலியல் வன்கொடுமைக்கு அதிகம் பலியாவது நம் பெண்கள். அந்தக் கோபம் நமக்கும் உண்டு. ஆனால் முதிர்ச்சியை அளக்கப் போகிறவரின் கண்ணில் எந்தப் பையன் சீக்கிரம் 'பெரியவன்' ஆவான்? வரலாறு தெரிந்த நாம் இதைக் கேட்காமல் இருக்க முடியாது.

2022 டிசம்பர் 31 அன்று, திருட்டு வழக்கில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் இறந்தான். அடித்துக் கொன்றதாக இல்ல ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். பிறகு இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. சிறுவனைக் காக்கும் சட்டம் இருந்தும், அவன் காக்கப்படவில்லை.

எனவே சட்டத்தை நாம் கையில் எடுத்துப் படிக்க வேண்டும். எந்தச் சிறுவனையும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது (பிரிவு 10). 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வயதுக்குப் பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோதான் முதல் ஆதாரம். அவை இல்லாதபோதுதான் மருத்துவச் சோதனை (பிரிவு 94). "நான் அப்போது சிறுவன்" என்ற கோரிக்கையை எந்தக் கட்டத்திலும், தீர்ப்புக்குப் பிறகும்கூட எழுப்பலாம் (பிரிவு 9).

ஸ்டேஷனில் எழுத்தர் '19' என்று எழுதும் ஒரு நொடியில் நம் பையன் குழந்தை என்ற இடத்தை இழக்கிறான். அந்த எண்ணைத் திருத்த ஒரு பிறப்புச் சான்று போதும். நம் தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பிறப்புச் சான்று இருக்கிறதா? இந்த வாரமே வீடு வீடாகப் போய்க் கேட்போம்.