சீனர் உணவில் உள்ளுறுப்புகள்: ஓர் அருவருப்பின் வரலாறு

ஒரு மக்கட் கூட்டத்தினர் சுவைத்து உண்பதைப் பிறிதொரு கூட்டத்தினர் அருவருத்து ஒதுக்குதல் உலகெங்கும் காணப்படும் வழக்கமாகும். அவ்வருவருப்பு பல வேளைகளிற் பிறரது பண்பாட்டை அளக்கும் கோலாகவும் மாறிவிடுகின்றது. விலங்குகளின் ஈரல், குடல், இரைப்பை, சிறுநீரகம் முதலியவற்றைச் சீனர் விரும்பி உண்பதை வறுமையின் விளைவென்றே மேலைநாட்டார் பலர் கருதினர். இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது ஆராயற்பாலது.

வறுமைக்கு இதிற் பங்கில்லை எனல் இயலாது. 1930களிற் செங்டூ நகரில் ஒரு கணவனும் மனைவியும் மலிவாகக் கிடைத்த மாட்டுறுப்புகளை மெல்லியதாக அரிந்து, காரச் சாறு சேர்த்துத் தெருவில் விற்றனர். ‘கணவன் மனைவி நுரையீரற் துண்டு’ எனப் பெயர்பெற்ற அவ்வுணவு பின்னர் பெரிய உணவகங்களிலும் இடம்பெற்றது. ஆயின், இதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ‘லிஜி’ எனும் சடங்கு நூல் வேறொரு நிலையைக் காட்டுகின்றது. நாயின் ஈரலை அதன் கொழுப்பாற் சுற்றி நெருப்பில் வாட்டிய உணவை, முதியோரைப் பேணுதற்குரிய எட்டு அரும் உணவுகளுள் ஒன்றாக அது குறிப்பிடுகின்றது. ஏழாம் நூற்றாண்டின் மருத்துவரான சுன் சிமியாவோ மாலைக்கண் நோய்க்கு ஈரலைப் பரிந்துரைத்தார். ஈரலில் விற்றமின் ஏ மிகுந்துள்ளமையை இக்கால அறிவியல் உறுதிப்படுத்துகின்றது.

சுவையைப் போன்றே, பல்லிற் கடிபடும் தன்மையையும் சீனர் உணவின் சிறப்பாகக் கொள்வர். சிறுநீரகத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிப் பெருந்தீயில் நொடிப்பொழுதில் வதக்குவது அத்தன்மையைப் பேணுதற்கேயாகும்.

மேலைநாட்டாரும் இவ்வுறுப்புகளை அறியாதவரல்லர். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் ஆகியவற்றாலான ‘ஹகிஸ்’ ஸ்கொட்லாந்தின் தேசிய உணவாகும். பிரான்சின் கான் நகரம் மாட்டிரைப்பைச் சமையலுக்குப் பெயர்பெற்றது. கொல்களங்கள் ஊரைவிட்டு அகன்று பெருந்தொழிற்சாலைகளானமை இவ்வழக்கத்தின் தளர்ச்சிக்கு ஒரு காரணமெனலாம். 1865இற் சிக்காகோவிற் பெரும் கால்நடைச் சந்தை திறக்கப்பட்டது. பின்னர் குளிரூட்டிய புகையிரதப் பெட்டிகளில் இறைச்சி தொலைநகரங்களுக்குச் சென்றது. விரைவிற் கெடும் உள்ளுறுப்புகளோ உண்போரின் பார்வையினின்றும் மறைந்தன.

அருவருப்பு மாற்றமுடியாததுமன்று. இரண்டாம் உலகப் போர்க்கால இறைச்சித் தட்டுப்பாட்டின்போது, அமெரிக்க இல்லத்தரசிகளை இதயம், சிறுநீரகம் முதலியவற்றைச் சமைக்கச் செய்வது எவ்வாறென உளவியலாளர் கர்ட் லெவின் ஆராய்ந்தார். விரிவுரை கேட்டோருள் 3 சதவீதத்தினரே தாம் முன்னர் சமைத்திராத உறுப்பொன்றைப் பரிமாறினர். குழுவாகக் கலந்துரையாடி முடிவெடுத்தோருள் 32 சதவீதத்தினர் அவ்வாறு செய்தனர்.

எனவே, உண்ணத்தக்கது எது என்பதை நாவைவிடச் சமூகமே பெரிதும் வரையறுக்கின்றது எனலாம். சீனரின் உணவைக் கொண்டு அவர்தம் நாகரிகத்தை மதிப்பிட்டோர், தம் முன்னோரின் அடுக்களையை மறந்தே அவ்வாறு செய்தனர்.