கொத்துச்சாவி யாரிடம்?

ஒரு வீட்டில் ஒரே கணிப்பொறி. அதைத் தொடும் கைகள் நான்கைந்து. யார் எதைத் திறக்கலாம், யார் எதை அழிக்கலாம் என்பது நமக்குச் சில்லறைத் தொல்லையாகப் படலாம். ஆனால் இக்கேள்விக்கு அறுபது ஆண்டுகளைக் கடந்த வரலாறு உண்டு.

1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழுவினர், ஒரே பொறியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். என்னும் அமைப்பை இயக்கிக் காட்டினர். அவரவர் கோப்பு அவரவருக்கே என்பதற்காகக் கடவுச்சொல் வந்தது. பூட்டு வந்த கையோடு கள்ளச்சாவியும் வந்தது. தமக்கு ஒதுக்கிய நேரம் போதாத ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், 1962இல் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். 1966இல் இரு கோப்புகள் இடம் மாறிப்போக, உள்ளே நுழைந்தோர்க்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாகக் கடவுச்சொற்பட்டியல் காட்சி தந்தது.

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸில் இந்தச் சிந்தனை தெளிவான வடிவம் பெற்றது. படித்தல், எழுதுதல், இயக்குதல் என உரிமை மூன்று; உரியவர், குழுவினர், பிறர் என மாந்தரும் மூவர். எல்லாவற்றுக்கும் மேலே, தடையேதும் அற்ற 'ரூட்' கணக்கு.

வீட்டுக்கு வந்த கணிப்பொறி இப்பாடத்தை மறந்திருந்தது. விண்டோஸ் 95இல் கடவுச்சொல் கேட்கும் பெட்டியை ரத்து செய்துவிட்டே உள்ளே போகலாம். 2001இல் வந்த எக்ஸ்பியில் தனித்தனிக் கணக்குகள் இருந்தன. ஆனால் நிறுவும்போது உருவாக்கும் கணக்குகள் யாவும் நிர்வாகிக் கணக்குகளே. கொத்துச்சாவியை நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுத்தாற்போல.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு கோடை விடுமுறையில், விளையாட்டு ஒன்றை நிறுவ இடம் தேடிய பிள்ளை, பாட்டியின் கடிதங்களைத் தட்டச்சு செய்து வைத்திருந்த கோப்புறையை அழித்துவிட்டான். மூலத்தைக் கறையான் முன்பே தின்றிருந்தது. பிள்ளையைக் கடிந்துகொண்டோம், சாவியைக் கொடுத்தவர்கள் நாங்கள் என்பது பிறகே உறைத்தது.

2007இல் வீடுகளுக்கு வந்த விஸ்டா, நிர்வாகியிடமும் ஒப்புதல் கேட்கத் தொடங்கியது. பலர் அதை நச்சரிப்பு என்றனர். வழி எளியது: நிர்வாகிக் கணக்கு ஒன்று போதும், அதற்குக் கடவுச்சொல் வேண்டும். அன்றாட வேலைக்கு வீட்டுப் பெரியவர் உட்பட எல்லாருக்கும் வரம்புடைய கணக்கே தகும். தெரியாமல் நாம் இயக்கும் தீய நிரலுக்கும் நம் அதிகாரம் முழுதும் போய்ச் சேருமல்லவா? கூட்டுக் குடும்பத்தில் கொத்துச்சாவியை ஒருவர் இடுப்பில் செருகியிருந்தது, மற்றவர்மேல் ஐயம் கொண்டதனால் அன்று.