எட்டு மணிக்குச் சிவப்புக் கோடு

2010 வாக்கில் சுங்குவார்சத்திரம் கூட்ரோட்டில் மெமரி கார்டில் பாட்டும் படமும் ஏற்றித் தரும் கடை ஒன்று இருந்தது. முன்னால் ரீசார்ஜ் கூப்பன், போன் கவர். உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பையன்கள் கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். திரும்பி வருவதற்குள் கார்டு நிரம்பியிருக்கும். நான் அப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் டிரெய்னி. அந்தக் கடையில் என் கண் எப்போதும் போய் நிற்கும் இடம், கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த காலண்டர் அட்டை.

அட்டையின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஆறு கட்டம் போட்டிருந்தார் கடைக்கார அண்ணன். இரவு 2 முதல் காலை 8 வரை, மணிக்கு ஒரு கட்டம். பிஎஸ்என்எல்-இன் ஹோம் 500 திட்டத்தில் அந்த ஆறு மணி நேரத்துக்கு அளவு கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம். கட்டங்களுக்குள் நீல பால்பாயின்ட் பேனாவால் பட்டைகள். பெரிய படத்துக்கு நீளப் பட்டை, பாட்டுத் தொகுப்புக்குக் குட்டைப் பட்டை. எட்டு மணியில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு.

“என்ன அண்ணே, ரயில்வே டைம்டேபிள் மாதிரி இருக்கு?”

“படம் வர்ற டைம்டேபிள்டா தம்பி. சிவப்பத் தாண்டுனா மீட்டர் ஓடும்.”

நொடிக்கு 100 கிலோபைட் வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஆறு மணி நேரத்தில் சுமார் 2.1 ஜிபி. அன்றைய வழக்கப்படி ஒரு படம் 700 எம்பி. ஆக, ஒரு ராத்திரிக்கு மூன்று படம். நாலாவது வேண்டுமானால் நாளைக்குத்தான். எந்தப் படத்துக்கு எத்தனை பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து அண்ணன் பட்டைகளை முன்பின்னாக மாற்றுவார். (காப்புரிமை என்ற சொல்லை அந்தக் கடையில் நான் கேட்டதே இல்லை.) அவர் ரயில்வே என்ற பேச்சைக் காதில் வாங்கவில்லை என்றாலும் நான் சொன்னது பெரிய தப்பில்லை. அந்த அட்டைக்கு நிஜமாகவே ரயில்வேயில்தான் தாத்தா இருக்கிறார்.

*

சுங்குவார்சத்திரத்தில் ரயில் நிலையம் கிடையாது. ஆனால் எந்த ரயில் நிலையத்தின் பின்னாலும் ஒரு கட்டுப்பாட்டு அறையும், அதில் ஒரு வரைபடமும் உண்டு. குறுக்கே நேரம், நெடுக்கே நிலையங்கள். ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்ந்த கோடு. கோடு செங்குத்தாகப் போனால் வேகமான ரயில், படுத்துக்கொண்டே போனால் பாசஞ்சர், தரைக்கு இணையாக நீண்டால் எங்கோ சிக்னலுக்காக நிற்கிறது. பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் எத்தியேன்-ழூல் மாரே 1878-ல் வெளியிட்ட நூலில் பாரிஸ் – லியோன் தடத்தின் ரயில்கள் முழுக்க இப்படி ஒரே தாளில் இருக்கின்றன. இப்ரி என்ற பொறியாளரின் முறை அது. இந்திய ரயில்வேயின் செக்‌ஷன் கன்ட்ரோலர்கள் பல தலைமுறைகளாக பென்சிலும் ஸ்கேலும் வைத்து இதையே வரைந்தார்கள், கணினித் திரை வரும்வரை.

ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு கோடுகள் ஒரு நிலையத்தில்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் வெட்டிக்கொண்டால் விபத்து. அது தாளில் தெரிந்துவிடும், ரயில் கிளம்பும் முன்பே. தண்டவாளத்தை அகலப்படுத்த முடியாதபோது நேரத்தைத்தான் நகர்த்த வேண்டும். எந்த நேரத்தை, எவ்வளவு என்பதைக் கண் பார்த்துச் சொல்லிவிடுகிறது.

படமும் ஒலியும் இந்தியாவில் இப்படி ஒரே ஒரு பாதையில் நெருக்கியடித்துப் போன பெரிய சந்தர்ப்பம் 1975 ஆகஸ்ட் 1-ல் தொடங்கியது. சைட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை. நாசாவிடம் இரவல் வாங்கிய ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள், ஓராண்டு, சுமார் 2,400 கிராமங்கள், ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம். ஆந்திரம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் என ஆறு மாநிலங்கள். தமிழ்நாடு பட்டியலில் இல்லை. பாதையில் இருந்தது ஒரே ஒரு வீடியோ, இரண்டு ஒலித்தடங்கள். ஒரே காட்சிக்கு இரண்டு மொழிகளைச் சேர்த்து அனுப்பலாம், மூன்றாவது மொழிக்கு இடமில்லை. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு, அதற்குள் மொழிக்கு இத்தனை நிமிடம் என்று பங்கு. எந்த மொழிக்காரன் எந்நேரம் டிவி முன்னால் உட்கார வேண்டும் என்பதை அந்த நேர அட்டவணைதான் முடிவு செய்தது.

*

இனி ஆம்ஸ்டர்டாம். அங்கே சிடபிள்யூஐ என்று ஒரு கணித, கணினியியல் ஆய்வு நிறுவனம் உண்டு. பைதான் மொழி பிறந்த இடம் என்றால் உங்களில் பலருக்குச் சட்டென்று பிடிபடும். பைதானை உருவாக்கிய கைடோ வான் ரோசம், ஜாக் யான்சன், ஷூர்ட் முல்லெண்டர், டிக் புல்டர்மன் ஆகியோர் 1993-ல் சிமிஃப்-எட் என்ற கருவியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். படம், பேச்சு, எழுத்து, வீடியோ எல்லாவற்றையும் சேர்த்து எது எப்போது வர வேண்டும் என்று தொகுக்கும் கருவி, பைதானில் எழுதியது. அதில் ஒவ்வொரு ஊடகத்துக்கும் ஒரு தடம். தடங்களில் கட்டங்கள். ‘இது முடிந்ததும் அது’ என்று சொல்ல கட்டங்களுக்கு இடையே அம்புக்குறி. ரயில் வரைபடத்தைப் பார்த்தவனுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

இந்த வழியில் வந்தவர்களும் மற்றவர்களும் சேர்ந்து உலகளாவிய வலைக் கூட்டமைப்பில் ஒரு மொழியை உருவாக்கினார்கள். 1998 ஜூன் 15-ல் அது அதிகாரபூர்வப் பரிந்துரை ஆனது. சின்க்ரனைஸ்டு மல்டிமீடியா இன்டக்ரேஷன் லாங்வேஜ், சுருக்கமாக ஸ்மைல். அதில் எழுத சிடபிள்யூஐ தந்த கருவியின் பெயர் கிரின்ஸ். புன்னகைக்கு ஒரு இளிப்பு! ஆய்வாளர்களுக்கும் ஜோக்கடிக்கத் தெரியும் போல.

ஸ்மைலின் இலக்கணம் சின்னது. ‘பார்’ என்றால் உள்ளே இருப்பவை ஒன்றாக ஓடும். ‘செக்’ என்றால் ஒன்றன்பின் ஒன்று. ‘ஸ்விட்ச்’ என்றால் பார்ப்பவரின் இணைப்பு எவ்வளவு வேகமோ அதற்கேற்ற ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கடைசியாகச் சொன்னதுதான் நம் விஷயம். அன்றைக்கு இணைப்பு என்றால் டெலிபோன் ஒயரில் கிரீச்சிடும் மோடம். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15-ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தபோது டயல்-அப் வேகம் 9.6 கேபிபிஎஸ். 1998-ல் உலகத்தில் சாதாரண வீட்டு மோடம் 28.8, கொஞ்சம் வசதியானவருக்கு 56.

அந்த மோடத்துக்கு ஒரு பேச்சும் சில போட்டோக்களும் அனுப்புவது எப்படி? 28.8 மோடம் வைத்திருப்பவருக்கு நொடிக்கு 20 கிலோபிட்டுக்கு மேல் திட்டமிடாதே என்பது ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனம் தயாரிப்பாளர்களுக்குச் சொன்ன அறிவுரை. மிச்சம் ஒயரின் கோளாறுகளுக்கு. இருபதில் எட்டைப் பேச்சுக்குக் கொடுத்தால் பன்னிரண்டு மிஞ்சும். பன்னிரண்டு கிலோபிட் என்றால் ஒன்றரை கிலோபைட். 30 கிலோபைட் போட்டோ வந்து சேர இருபது நொடி. அதாவது நாற்பதாவது நொடியில் முகம் தெரிய வேண்டுமென்றால் இருபதாவது நொடியிலேயே அனுப்பத் தொடங்கிவிட வேண்டும், பேச்சு வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே.

இதை எண்களாகவே வைத்துக்கொண்டு நாற்பது போட்டோவுக்குக் கணக்குப் போட்டால் தலை சுற்றும். ஆகவே படம் போட்டார்கள். குறுக்கே நேரம், நெடுக்கே பாரம், உச்சியில் ஒரு கிடைக்கோடு: மோடம் தாங்கும் எல்லை. எந்தெந்த இடத்தில் பாரம் கோட்டைத் தாண்டுகிறதோ அங்கே பார்ப்பவருக்குப் படம் திக்கும். தாண்டி நிற்கும் கட்டியைச் சின்னதாக்கலாம், தள்ளிப் போடலாம், அல்லது இடது பக்கம் இழுத்து, முன்னால் காலியாகக் கிடக்கும் பள்ளத்தில் கொட்டலாம். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. 2001-ல் வந்த ஸ்மைல் 2.0-வில் இதற்கென்றே ‘ப்ரீஃபெட்ச்’ என்று ஒரு கட்டளை சேர்ந்தது. காலண்டர் அட்டையில் அண்ணன் செய்ததும் இந்த இடது பக்க இழுப்பைத்தான். பகலில் வேண்டியதை ராத்திரிப் பள்ளத்தில் கொட்டினார்.

தொகுப்பவர் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே தொகுத்தார் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். இணைப்பு மெதுவான ஒருவர் எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்று ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்தார்.

*

ஸ்மைல் கணினியில் பெரிதாக ஜெயிக்கவில்லை. ரியல்பிளேயர் பேசியது, ஃப்ளாஷ் வந்து இடத்தைப் பிடித்தது. ஆனால் யாரும் எதிர்பாராத ஓரிடத்தில் அது கோடிக்கணக்கில் ஓடியது: எம்எம்எஸ். போனிலிருந்து போனுக்குப் போட்டோ அனுப்பும்போது, எந்தப் படம் மேலே, எந்த எழுத்து கீழே, எத்தனை நொடி என்று சொல்லும் சின்ன ஸ்மைல் கோப்பு ஒன்று கூடவே போகும். 2002-ல் நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா முதலிய நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த விதிகளில் எல்லாமே குறுகியவை. ஒரு செய்திக்கு 30 கிலோபைட், படம் 160-க்கு 120 புள்ளி. ஆம்ஸ்டர்டாமின் அம்புக்குறிகள் எல்லாம் உதிர்ந்து, ஸ்லைடு ஷோ மட்டும் மிஞ்சியது.

அந்த நோக்கியா 2006-ல் எங்களூர்ப் பக்கம் வந்தது. சுங்குவார்சத்திரத்திலிருந்து சென்னை போகும் வழியில், ஸ்ரீபெரும்புதூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் தொழிற்சாலை. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். அதிகமாகச் செய்தது விலை மலிவான போன்கள். எம்எம்எஸ் வசதி இல்லாத மலிவு போனுக்கு யாராவது போட்டோ அனுப்பினால் என்ன வரும் தெரியுமா? ‘உங்களுக்கு ஒரு படம் வந்திருக்கிறது, இந்த இணைய முகவரியில் பாருங்கள்’ என்று ஒரு குறுஞ்செய்தி. இணையம் இல்லாத போனுக்கு இணைய முகவரி! அக்காவின் குழந்தை போட்டோவுக்குப் பதிலாக அந்த எழுத்து வரிசையை வைத்துக்கொண்டு, அதே மெமரி கார்டு கடைக்கு வந்து நின்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அண்ணன் கம்ப்யூட்டரில் திறந்து காட்டுவார். இதற்குக் காசு வாங்க மாட்டார்.

2014 நவம்பர் 1-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது.

*

நடுவே 2009-ல் ஆப்பிள் எச்எல்எஸ் என்ற முறையைக் கொண்டுவந்திருந்தது. வீடியோவைப் பத்து நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரத்தில் செய்து சர்வரில் வைத்துவிடுவது. போன் தானே வேகத்தை அளந்து அடுத்த துண்டு எந்தத் தரம் என்று எடுத்துக்கொள்ளும். நீளமான வீடியோவை மொபைல் இணைப்பில் ஓட்டும் செயலிகளுக்கு ஆப்பிள் ஒரு நிபந்தனையும் போட்டது: 64 கேபிபிஎஸ்ஸிலோ அதற்குக் கீழோ ஒரு வடிவம் கட்டாயம் இருக்க வேண்டும், வெறும் ஒலி மட்டும் என்றாலும் பரவாயில்லை. 2012-ல் டேஷ் என்ற சர்வதேசத் தரமும் இதே வழியில் வந்தது. இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி இப்படித்தான் வருகிறது. ஏற்பாடு அருமையானது, மறுக்கவே மாட்டேன். ஆனால் கோடு போட்ட அந்தப் படம் போனுக்குள் போய்விட்டது. தொகுப்பவருக்கும் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது. நமக்கு மிஞ்சியது சுற்றும் வட்டம்.

அதை வெளியே எடுத்துக் காட்ட இந்தியாவில் ஒரு முயற்சி நடந்தது. 2016 ஜூனில் யூட்யூப் ‘ஸ்மார்ட் ஆஃப்லைன்’ என்ற வசதியை இங்கே விட்டது. பிடித்த வீடியோவைக் குறித்து வைத்தால், டேட்டா மலிவாக இருக்கும் ராத்திரியில் தானே இறங்கிவிடும். அண்ணனின் அட்டையேதான், பொத்தானாக. செப்டம்பரில் ஜியோ வந்தது. ராத்திரி மலிவு, பகல் விலை என்ற பேதமே அடிபட்டுப் போனது. அடுத்த ஆண்டு வந்த யூட்யூப் கோ, வீடியோவைத் தொடும் முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்று சில படங்களையும், இத்தனை எம்பி ஆகும் என்ற கணக்கையும் காட்டியது. செலவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். 2022 ஆகஸ்டில் அதையும் மூடினார்கள். நெட்வொர்க் இப்போது நன்றாகிவிட்டது என்ற நினைப்பு எல்லோருக்கும் வந்திருந்தது.

யாருக்கு நன்றாகிவிட்டது? தினசரி டேட்டா தீர்ந்ததும் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். கிட்டத்தட்ட பழைய 56 மோடம். 1998-ல் அந்த வேகத்துக்காக ஒருவர் உட்கார்ந்து பட்டையை நகர்த்தினார். இன்றைக்கு அந்த வேகத்தில் வந்து சேரும் ஆளை மனதில் வைத்து யார் எதைச் செய்கிறார்கள்? ஐபோன் பூட்டப்படும் இதே சுங்குவார்சத்திரத்தில், ராத்திரி பத்தரை மணிக்கு எத்தனையோ பேர் அந்த வேகத்தில்தான் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் பக்கத்து வல்லம் வடகாலில் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகளோடு ஒரு குடியிருப்பு திறந்தார்கள். இந்த வட்டாரத்தில் ஒரு கட்டடத் தொகுப்பில் எத்தனை திரைகள் ஒரே நேரத்தில் ஒளிரும் என்பதற்கு அந்த எண் ஒரு அளவு.

வேறொரு தனியார் விடுதியில் எனக்குத் தெரிந்த பெண் இருக்கிறாள், திருவாரூர்ப் பக்கம். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். ராத்திரி வீடியோ கால் போட்டால் அம்மாவின் முகம் உறைந்து நின்று குரல் மட்டும் வருகிறதாம். முகத்தை விட்டுவிட்டுக் குரலைக் காப்பாற்று என்பது செயலி எடுத்த முடிவு. அவளை யாரும் கேட்கவில்லை. போன மாதம் அவள் போனில் ஒரு பக்கம் காட்டினாள். நோட்ஸ் செயலியில் மூன்று ஷிப்டுக்கு மூன்று வரிசை, ஒவ்வொன்றிலும் சில நேரங்கள், சிலவற்றுக்குப் பக்கத்தில் பச்சை வட்டம்.

“இது என்னம்மா?”

“பச்சை போட்டதுல மூஞ்சி தெரியும்ணே. ஃபர்ஸ்ட் ஷிப்ட்னா காலைல நாலே முக்கால். அம்மா அதுக்குள்ள எந்திரிச்சு தலை சீவிட்டு உக்காந்திருப்பாங்க.”