ஏற்காட்டில் காலியிடமும் காலக்கெடுவும்: மக்கள் பதவிகளின் வெற்றிடம் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தேர்ந்தெடுக்கப்பட்டவர் இறந்தாலோ விலகினாலோ நீக்கப்பட்டாலோ அவரிடத்தை யார், எப்போது நிரப்புவது என்னும் வினா, ஆட்சி யாருக்குரியது என்னும் வினாவோடு பிணைந்தது. ஒற்றைப் பதவியின் காலியிடத்திற்குக் கிடைத்த காலக்கெடுப் பாதுகாப்பு, மன்றம் முழுவதும் வெறுமையாகும்போது நடைமுறையில் கிட்டவில்லை என்பதைச் சேலம் மாவட்டச் சேர்வராயன் மலையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஏற்காடு, மலையாளிப் பழங்குடியினர், ஊராட்சி, இடைத்தேர்தல், தனி அலுவலர்.

முன்னுரை

சேர்வராயன் மலையின் தொல்குடிகளான மலையாளிகளிடையே ஊர்க்கவுண்டர் முதலான தலைமைகள் குடிவழியில் தொடர்ந்தன. அம்மரபில் தலைவரின் மறைவு வாரிசுக்கு வழிவிடும் நிகழ்வாக இருந்ததேயன்றி, மக்கள் முன் வைக்கப்படும் வினாவாக இல்லை. 1884ஆம் ஆண்டின் சென்னை உள்ளாட்சிக் குழுச் சட்டம் வேறொரு முறையைக் கொணர்ந்தது. மாவட்ட ஆட்சியரே மாவட்டக் குழுவின் தலைவராக அமர்ந்தார். உறுப்பினர் நியமனத்தில் அரசின் கை ஓங்கியிருந்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டங்கள் தேர்தலுக்கு இடத்தை விரிவாக்கின. 1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டமும், 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தைத் தொடர்ந்து வந்த 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அவ்வழியிலேயே சென்றன. வாரிசு, நியமனம், தேர்தல் ஆகிய மூன்றும் இம்மலையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை எனினும், பின்னது வந்தபோது முன்னது முற்றிலும் மறைந்துவிடவில்லை.

ஒற்றைக் காலியிடம்

1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இடையில் ஏற்படும் காலியிடத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர் எஞ்சிய காலத்திற்கே பதவி வகிப்பார். ஊராட்சித் தலைவர் பதவி காலியானால், புதியவர் பொறுப்பேற்கும் வரை துணைத்தலைவர் அப்பணிகளைக் கவனிப்பார். பணி தடையின்றி நடைபெற வேண்டும் என்பதே இதன் நோக்கம். எனினும் இதில் ஓர் இடர் உண்டு. தலைவரை வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர்; துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தம்முள் தேர்ந்தெடுக்கின்றனர். தலைவர் பதவிக்கு உள்ள பழங்குடியினர், பெண்கள் ஒதுக்கீடு துணைத்தலைவர் பதவிக்கு இல்லை. ஆகவே இடைத்தேர்தல் தாமதமாகும் ஒவ்வொரு நாளும், ஒதுக்கப்பட்ட பதவியின் அதிகாரம் அவ்வொதுக்கீட்டிற்கு உட்படாத ஒருவரிடம் தங்கிவிட வாய்ப்புண்டு.

2013: ஏற்காடு இடைத்தேர்தல்

காலக்கெடுவின் வலிமையை ஏற்காடு சட்டமன்றத் தொகுதியில் காணலாம். பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இத்தொகுதி, மலையோடு வாழப்பாடி வட்டாரச் சமவெளி ஊர்களையும் உள்ளடக்கியது. 2011இல் வெற்றிபெற்ற அ.தி.மு.க. உறுப்பினர் செ. பெருமாள் 2013 ஜூலையில் காலமானார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996இல் சேர்க்கப்பட்ட 151ஏ பிரிவின்படி, காலியிடம் ஏற்பட்ட ஆறு மாதங்களுக்குள் இடைத்தேர்தல் நடத்தப்பட வேண்டும். எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருத்தல் போன்ற நிலைகளே இதற்கு விலக்கு. அதன்படி 2013 டிசம்பர் 4 அன்று வாக்குப்பதிவு நடைபெற்றது. மறைந்தவரின் மனைவி பெ. சரோஜா, தி.மு.க. வேட்பாளர் வெ. மாறனை 78,116 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். குடிவழி உரிமை சட்டத்தில் இல்லை. ஆயினும் கட்சியின் வேட்பாளர் தேர்வில் குடும்பத் தொடர்ச்சி இடம்பெற்றது. அத்தொடர்ச்சியை ஏற்பதா மறுப்பதா என்னும் முடிவு, ஐந்து மாதங்களுக்குள் வாக்காளரிடம் வந்து சேர்ந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

2016–2020: மன்றங்களின் வெற்றிடம்

அதே மலையின் ஊராட்சிகளுக்கு இவ்விரைவு வாய்க்கவில்லை. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபர் 24 அன்று முடிந்தது. அம்மாதத்தில் நடைபெறவிருந்த தேர்தலின் அறிவிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று ரத்து செய்திருந்தது. மன்றங்களின் பொறுப்பு தனி அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டு, அவர்களது காலம் பலமுறை நீட்டிக்கப்பட்டது. சேலம் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் தேர்தல் நடைபெற்று, 2020 ஜனவரி 6 அன்று புதியவர்கள் பொறுப்பேற்றனர். நாகலூர், செம்மநத்தம், வாழவந்தி போன்ற மலை ஊராட்சிகள் 38 மாதங்களுக்கு மேல் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமின்றி இருந்தன.

அரசியலமைப்பின் ஒன்பதாம் பகுதி இதற்கு இடமளிக்கவில்லை. ஐந்தாண்டுக் காலம் முடிவதற்கு முன்பே தேர்தல் முடிந்திருக்க வேண்டும். மன்றம் கலைக்கப்பட்டால் ஆறு மாதங்களுக்குள் தேர்தல் நடைபெற வேண்டும் என்பது அதன் விதி. விதி உண்டு, ஆனால் அது மீறப்படும்போது தனி அலுவலர் முறை வெற்றிடத்தை நிரப்பிவிடுவதால், மீறலின் வலி வெளியில் தெரிவதில்லை.

மலைமக்களுக்கு நேர்ந்த இழப்பு

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாமையால் ஒன்றிய அரசு நிதிக்குழு மானியத்தை நிறுத்திவைத்தது மாநிலம் தழுவிய இழப்பு. மலைக்கு மேலும் ஓர் இழப்பு உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் கீழ் அமையும் கோட்ட அளவிலான குழுவில், மாவட்ட ஊராட்சி நியமிக்கும் வட்டார ஊராட்சி உறுப்பினர் மூவர் இடம்பெற வேண்டும். அவர்களில் இருவரேனும் பழங்குடியினராக இருத்தல் வேண்டும். வட்டார ஊராட்சியிலும் மாவட்ட ஊராட்சியிலும் உறுப்பினர்களே இல்லாதபோது, நியமிக்கப்படுவோரும் இல்லை, நியமிப்போரும் இல்லை. நில உரிமைக் கோரிக்கைகளை ஆராயும் குழுவில் பழங்குடியினரின் இருக்கைகளே வெறுமையாகும். அலுவலர்களின் இருக்கைகள் நிறைந்தே இருக்கும். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஏதுமில்லை. அதனால் 1996ஆம் ஆண்டின் பட்டியல் பகுதி ஊராட்சி விரிவாக்கச் சட்டம் சேர்வராயன் மலைக்குப் பொருந்தாது. இந்நிலையில் இம்மக்களின் உள்ளூர்க் குரலுக்குப் பொது ஊராட்சி மன்றமே முதன்மையான சட்டவழி வாயிலாகிறது.

முடிவுரை

ஓர் இருக்கை காலியானபோது நாள்காட்டி மக்களின் பக்கம் நின்றது. எல்லா இருக்கைகளும் காலியானபோது அது அலுவலர்களின் பக்கம் சாய்ந்தது. காலியிட விதிகளைச் சிறு நடைமுறை விதிகளாகக் கருதும் போக்கு இவ்வேறுபாட்டை மறைக்கிறது. 2025 ஜனவரி 5 அன்று சேலம் உள்ளிட்ட மாவட்டங்களின் ஊரக மன்றங்கள் மீண்டும் காலம் முடிந்து தனி அலுவலர்களிடம் சென்றன. ஆகவே இது கடந்துபோன ஒரு விலக்கு நிகழ்ச்சியன்று. 1884இன் நியமனமுறை, தேர்தல்முறையின் இடைவெளிகளில் இன்னும் குடியிருக்கிறது. தனி அலுவலரின் காலத்திற்கு நீட்டிக்க இயலாத உச்சவரம்பை விதித்தாலன்றி அவ்விடைவெளி அடைபடாது.