கைத்தொழிலும் குலத்தொழிலும்

பள்ளிப் பிள்ளைகளின் கைவேலையைப் பொழுதுபோக்காகக் கருதுவதே நம் வழக்கம். ஓலைக் கிலுகிலுப்பையும் களிமண் யானையும் கண்காட்சி மேசையில் ஒருநாள் இருந்துவிட்டு மறைந்துபோகும். அந்தக் கைவேலையைக் கல்வியின் மையமாக எண்ணியவர்களுள் ஓர் ஆங்கில ஆசிரியையும் உண்டு. அவர் மார்ஜரி சைக்ஸ்.

1905இல் யார்க்‌ஷயரில் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்ற அவர், 1928இல் சென்னை வேப்பேரியிலிருந்த பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தார். ஆங்கிலம் கற்பிக்க வந்தவர் தமிழ் கற்றுக்கொண்டார். 1939இல் சாந்திநிகேதன் சென்றார். பின்னர் சேவாக்கிராமத்தில் ஆசிரியர் பயிற்சிப் பணியை ஏற்றார். அங்கே ஆதாரக் கல்வியை வழிநடத்தியவர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம் என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தி முன்வைத்த கருத்து எளியது: ஏதேனும் ஒரு கைத்தொழிலின் வழியாகவே பிற பாடங்கள் யாவும் வரவேண்டும். தக்ளியில் நூற்ற நூலை அளக்கையில் கணக்கு. பருத்தி விளையும் மண்ணைப் பேசுகையில் நிலவியல். மான்செஸ்டர் துணியைப் பேசுகையில் வரலாறு. எந்தச் சாதியில் பிறந்த பிள்ளையும் நூற்கவேண்டும், கழிப்பறையைத் துப்புரவு செய்யவும் வேண்டும்.

தமிழகத்தில் இக்கருத்தின் மீது வேறொரு நிழல் விழுந்தது. 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் வகுப்பு நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. கூடுதல் பிள்ளைகளுக்கு இடமளிப்பதே நோக்கம் என்று காரணம் சொல்லப்பட்டது. பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதைக் குலக்கல்வி என்றனர். அந்தப் பெயரே நிலைத்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வோர் இன்றும் உண்டு. இரண்டிலும் இருப்பது கைத்தொழில்தான். ஆனால் ஒன்றில் தொழில் பள்ளிக்குள் வந்து எல்லோருக்கும் பொதுவாகிறது; மற்றொன்றில் பிள்ளை பள்ளியை விட்டுத் தந்தையின் தொழிலுக்கே திரும்புகிறது. குயவர் மகன் சக்கரத்தைச் சுற்றுவது அவன் பிறப்பின் விதி. குயவர் மகனோடு கணக்குப்பிள்ளை மகனும் அமர்ந்து சுற்றுவதுதான் கல்வி.

இதற்குச் சான்று தேடிச் செய்யூர்க்காரர்கள் நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. வடக்கே அதே கடற்கரையில் மாமல்லபுரம் இருக்கிறது. அங்கே 1957இல் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியது. கணபதி ஸ்தபதி அதை நெடுங்காலம் தலைமையேற்று நடத்தினார். தந்தையிடமிருந்து மகன் மட்டுமே பெற்றுவந்த உளி, அங்கே பாடத்திட்டமும் பட்டமும் உள்ள படிப்பாயிற்று. மரபு அதனால் அழிந்துவிடவில்லை. அதன் வாயில்தான் அகன்றது.

இன்று நம் பள்ளிகளில் தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது கைவேலை வகுப்பு. கையால் செய்வது தாழ்ந்தது என்ற பழைய எண்ணமே அதன் அடியில் இருக்கிறது. குலக்கல்வியை எதிர்த்தது நியாயம். அந்த எதிர்ப்பின் பெயரால் கையையே கல்வியிலிருந்து விலக்கிவிட்டோமானால், எதிர்த்த எண்ணத்துக்கே வேறு வழியில் இடம் கொடுத்தவர்களாவோம்.