நுண்ணிரம்ப அலகும் அதனைப் பேணிய முறைகளும்

வாளின் வரலாற்றை எழுதியோர் பலர். வில்லின் வரலாற்றையும் வேலின் வரலாற்றையும் எழுதியோரும் உளர். ஆனால் தென்னை ஈர்க்கினும் மெல்லியதாய், ஐந்தே அங்குல நீளமுடையதாய், சற்று மிகுதியாக வளைத்தால் 'டிக்' என்னும் ஓசையோடு முறிந்து விழும் ஓர் இரம்ப அலகின் வரலாற்றை எழுத முன்வந்தோர் மிகச் சிலரே. இதில் வியப்பில்லை. அவ்வலகால் அறுத்துச் செய்த மேசையும் பேழையும் அரண்மனைகளில் நின்றன. இன்று அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. அலகைப் பூட்டிய சட்டம் எங்கேனும் ஒன்றிரண்டு எஞ்சியிருக்கலாம். அலகோ அன்றன்றே முறிந்து, அன்றன்றே குப்பைக்குப் போயிற்று. கருவிகளுள் தன் சுவடு இன்றி மறைந்த கருவி இது.

ஆங்கிலத்தில் 'பிரெட்சா' என்றும், பொறியோடு கூடியதை 'ஸ்க்ரோல் சா' என்றும் வழங்கும் இரம்பத்தையே இங்கு நுண்ணிரம்பம் என்று குறிக்கிறேன். வளைவுகளையும் கொடிப் பின்னல்களையும் பலகையில் அறுத்தெடுப்பதற்கு உரியது இது. இதன் அலகுகளை எவ்வாறு வகைப்படுத்தி வைப்பது என்பது, வீட்டில் சிறு தச்சுக்கூடம் வைத்திருப்போர்க்கு மட்டுமே உரிய சில்லறைப் பேச்சு என்று கருதுவோர் உளர். நண்பர் ஒருவர், "இஃது எழுத்தர் வேலையே அன்றி வினைஞர் வேலை அன்று" என்றே என்னிடம் கூறினார். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் அவ்வாறு சொல்லத் தோன்றாது.

பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் காலத்தில் ஆந்திரே ஷார்ல் பூல் என்னும் மரவேலை வல்லுநர் இருந்தார். 1642ஆம் ஆண்டிற் பிறந்த அவருக்கு, 1672ஆம் ஆண்டில் பாரிசு மாநகரின் லூவர் அரண்மனையிலேயே தங்கித் தொழில் செய்யும் உரிமை கிடைத்தது. ஆமையோட்டையும் பித்தளைத் தகட்டையும் மரத்தின் மேற் பதித்துச் சித்திரம் தீட்டுவதே அவர் கலை. அவர் கையாண்ட முறை கேட்பதற்கு எளிது. பித்தளைத் தகடு ஒன்றையும் ஆமையோட்டுத் தகடு ஒன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஓவியத்தாளை ஒட்டி, இரண்டையும் ஒரே இரம்பத்தால் ஒரே வேளையில் அறுப்பர். அறுத்தபின், ஆமையோட்டின் பள்ளத்தில் பித்தளைப் பூவைப் பொருத்தினால் ஒரு சித்திரம்; பித்தளையின் பள்ளத்தில் ஆமையோட்டுப் பூவைப் பொருத்தினால் அதன் மறுதலையாக இன்னொரு சித்திரம். ஓர் அறுப்பில் இரண்டு பயன். இவ்விரண்டையும் கொண்டு இணையான இரண்டு பேழைகளைச் செய்து, அறையின் இருபுறமும் நிறுத்துவது அக்கால வழக்கம்.

இங்கேதான் அலகின் பெருமை தோன்றுகிறது. இரம்பம் அறுத்துச் செல்லும் வழியில் மரம் தூளாகிப் போகிறதன்றோ? அத்தூள் போன இடமே, பூவுக்கும் நிலத்துக்கும் இடையே ஒரு கோடாக நின்றுவிடுகிறது. அலகு தடித்திருந்தால் கோடும் தடித்திருக்கும். அலகு மெலிந்திருந்தால் கோடு கண்ணுக்கே தெரியாது. ஆகவே பூலின் பேழையைக் கண்டு வியப்போர், தாம் அறியாமலே, முறிந்தொழிந்த ஓர் அலகின் பருமனைக் கண்டு வியக்கின்றனர். பழம்பொருள்களைச் செப்பனிடும் வல்லுநர்கள் இன்றும் அக்கோட்டின் அகலத்தை அளந்தும், அறுப்பு விளிம்பின் கீறல்களை உருப்பெருக்கியால் நோக்கியும் எவ்வகை இரம்பம் அங்கே ஓடிற்று என்று ஆராய்கின்றனர்.

இதிலிருந்து இன்னொன்றையும் ஊகிக்கலாம். ஒரு பெரிய சித்திரத்தை அறுத்து முடிக்குமுன் அலகுகள் பல முறியும். பாதிப் பூவை ஒரு பருமனுள்ள அலகாலும் மீதிப் பூவை வேறொரு பருமனுள்ள அலகாலும் அறுத்தால், கோடு ஓரிடத்தில் மெலிந்தும் ஓரிடத்தில் தடித்தும் காட்சி தரும். முறிந்த அலகுக்கு மாற்றாக அதே பருமனுள்ள அலகு உடனே கைக்கு எட்ட வேண்டும். பூலின் தொழிற்கூடம் 1720ஆம் ஆண்டில் தீக்கிரையானபோது அங்கே இருபது வேலைமேசைகள் இருந்தன. இருபது மேசைகளில் வேலை நடக்கும் ஓர் இடத்தில் மெல்லியதும் தடித்ததும் கலந்து கிடந்திருந்தால் அத்தகைய பேழைகள் உருவாகியிருக்க இயலாது. எவரோ ஒருவர், பெயர் தெரியாத ஒருவர், அலகுகளைத் தரம் பிரித்து வைத்திருக்க வேண்டும்.

அக்காலத்து அலகு கடையிற் சரம் சரமாகத் தொங்கிய பொருளும் அன்று. கடிகாரத்தின் சுருள்வில்லுக்குரிய மெல்லிய எஃகை நாடாவாக நறுக்கி, அதன் விளிம்பில் ஒவ்வொரு பல்லாக வெட்டி எடுக்கும் வழக்கம் இருந்தது. ஆந்திரே ஜாக்கோப் ரூபோ என்னும் பிரெஞ்சுத் தச்சர் தம் தொழிலை முழுமையாக விளக்கிப் பெருநூல் ஒன்று எழுதினார். அதன் பேழைவேலைப் பகுதி 1774ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஏட்டறிவும் கையறிவும் ஒருவரிடமே அமைந்ததால் விளைந்த நூல் அது. நம்மவருள் கம்மியர் எவரேனும் அவ்வாறு தம் தொழிலை எழுதி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நான் பலமுறை ஏங்கியதுண்டு.

கையாற் பல் வெட்டிய அலகு முறிந்தால் அதை வீசிவிட மனம் வராது. பொற்கொல்லர் கையாளும் இரம்பச் சட்டத்தின் நீளத்தைத் திருகாணியால் குறைத்துக்கொள்ள இயலும். முறிந்த துண்டையும் அதில் பூட்டி வேலை வாங்கலாம். ஆதலால் முழு அலகுகளோடு முறிந்தவற்றையும் தனியே சேர்த்து வைப்பது கம்மியர் பழக்கம். சிக்கனம் கற்பித்த ஒழுங்கு இது.

பூலின் பெயர் கடல் கடந்து இங்கிலாந்து சென்றபோது 'பூல்' என்பது 'புல்' எனச் சிதைந்து, நுண்ணிரம்பத்துக்கே 'புல் சா' என்னும் பெயரும் வழங்கலாயிற்று. அந்த இங்கிலாந்திலே, அரண்மனைக்கு வெளியே, நம் ஆசிரியர்கள் மகிழத்தக்க ஒரு பயன் இக்கலைக்கு உண்டாயிற்று. ஜான் ஸ்பில்ஸ்பரி என்னும் இலண்டன் செதுக்கோவியர் ஐரோப்பாவின் நிலப்படத்தை மெல்லிய மகாகனிப் பலகையில் ஒட்டி, நாட்டெல்லைகளின் வழியே நுண்பல் இரம்பத்தால் அறுத்து, 1760களில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்துப் பிள்ளைகள் பூகோளம் பயின்றனர். அவருக்கு முன்னரே வேறோர் ஆசிரியை இத்தகைய மரப்படங்களைப் பயன்படுத்தினார் என்று ஆய்வாளர் சிலர் காட்டுகின்றனர். முதன்மை யாருடையதாயினும், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிள்ளைகளுக்குச் செவிலித்தலைவியாயிருந்த சார்லட் பின்ச் சீமாட்டி, அறுத்த படங்களை வைப்பதற்கென்றே தட்டையான இழுப்பறைகள் கொண்ட மகாகனிப் பேழை ஒன்றை வைத்திருந்தார். அப்பேழை இன்றும் உள்ளது. ஒரு துண்டு தொலைந்தாலும் ஒரு நாடே தொலைந்துபோகும் என்பதை அவ்வம்மையார் அறிந்திருந்தார் போலும்! அறுத்த பொருளுக்குப் பேழை வாய்த்தது. அறுத்த அலகுக்கு வாய்க்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை அடியோடு மாறியது. எஃகு மலிவாயிற்று. பற்களைப் பொறியே வெட்டியது. காலால் மிதித்து ஓட்டும் இரம்பப் பொறிகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடு வீடாகப் புகுந்தன. இங்கிலாந்தில் 1895ஆம் ஆண்டில் 'ஹாபீஸ்' என்னும் வார இதழ் தோன்றி, அறுப்பதற்குரிய வரைபடங்களை வாசகர்க்கு வழங்கியது. நார்போக்கு மாவட்டத்துச் சிற்றூராகிய டெரம் இத்தொழிலாற் பெயர் பெற்றது. அலகுகள் டசன் கணக்கிலும், பன்னிரண்டு டசன் கொண்ட குரோஸ் கணக்கிலும், மெல்லிய கம்பியாற் கட்டிய கட்டுகளாக விலைக்கு வந்தன. 144 அலகுகள் சேர்ந்த கட்டும் கைவிரல் பருமன் இராது. முன்பு அலகு கிடைப்பதே அரிது. இப்பொழுது கிடைத்தவற்றுள் எது எது என்று அறிவதே அரிது.

அதற்காக எழுந்ததே எண்முறை. இம்முறையில் சுழி நடுவில் நிற்கிறது. 1, 2, 3 என எண் ஏற ஏற அலகு தடிக்கும். சுழியினும் மெல்லியவற்றை இரட்டைச்சுழி, முச்சுழி என்று எண்ணிக்கொண்டே போய், பொற்கொல்லர் அலகில் எட்டுச்சுழி வரை செல்வர். எட்டுச்சுழி அலகின் தடிப்பு ஏறத்தாழ 0.16 மில்லிமீட்டர், அகலம் 0.32 மில்லிமீட்டர். இரட்டைச்சுழியையும் முச்சுழியையும் உள்ளங்கையில் வைத்து வேறுபாடு சொல்லுங்கள் என்றால், தேர்ந்த கண்ணும் திகைக்கும். இதனினும் பெருந்தொல்லை ஒன்று உண்டு. ஓர் உற்பத்தியாளரின் ஐந்தாம் எண் மற்றோர் உற்பத்தியாளரின் ஐந்தாம் எண்ணுக்கு ஒப்பாக இருப்பதில்லை. எனவே அலகை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மேலுறையைக் கிழித்தெறிபவர், நூலை வைத்துக்கொண்டு தலைப்பேட்டைக் கிழித்தெறிந்தவர்க்கு ஒப்பாவார். அறிந்த வினைஞர் உறைத்தாளை நறுக்கி, அலகோடு சேர்த்தே குழாயில் இடுவர். அல்லது முனையில் ஒரு துளி வண்ணம் தீட்டி அடையாளம் செய்வர்.

பல்லின் அமைப்பிலும் வகைகள் பெருகின. ஒன்றுவிட்டு ஒரு பல் நீக்கியது, அடிப்பக்கத்துப் பற்கள் சில மேல்நோக்கி அமைந்தது, முறுக்கிய கயிறுபோல் எப்பக்கமும் அறுப்பது எனப் பல. இவையன்றி முனையில் குறுக்காணி உடையவை, ஆணி அற்றவை என்னும் பிரிவு வேறு. ஆணியுள்ள அலகைப் பூட்டுவது எளிது. ஆனால் சிறு துளையில் அது நுழையாது. கிளந்தான், திரெங்கானு மாநிலங்களின் பழைய மலாய் வீடுகளில், சுவரின் மேற்புறத்தே காற்றுப் புகுவதற்காக அமைந்த ஊடறு செதுக்குவேலையைப் பார்த்திருப்பீர்கள். 'தெபுக் தெம்புஸ்' என்பது அதன் பெயர். அத்தகைய பின்னலை நுண்ணிரம்பத்தால் அறுக்கப் புகுந்தால், ஒவ்வோர் இடைவெளிக்கும் முதலில் துளையிட்டு, அலகைக் கழற்றித் துளையில் நுழைத்து, மீண்டும் பூட்ட வேண்டும். துளை சிறிதாயின் ஆணியற்ற அலகே பயன்படும். இரண்டையும் ஒரே டப்பாவில் கலந்து போட்டவர் படும் பாட்டை அவரே அறிவார்.

கருவிகளை ஒழுங்குபடுத்துவதில் உலகப் புகழ் பெற்றவர் ஹென்றி ஸ்டட்லி என்னும் அமெரிக்கர். 1838இல் பிறந்து 1925இல் மறைந்த இவர் ஆர்கன், பியானோ ஆகிய இசைக்கருவிகள் செய்யும் தொழிலாளி. சுவரில் தொங்கும் ஒரு மகாகனிப் பெட்டியில், மூடினால் சுமார் 39 அங்குல உயரமும் 20 அங்குல அகலமுமே உள்ள பெட்டியில், ஏறத்தாழ முந்நூறு கருவிகளை அவர் அடக்கினார். ஒவ்வொன்றுக்கும் அதன் வடிவுக்கேற்ற இருப்பிடம். ஒன்றை விலக்கினால் பின்னே இன்னொன்று. தந்தமும் முத்துச்சிப்பியும் பதித்த அப்பெட்டியின் படத்தைக் கண்டு மயங்காதார் இல்லை. எனினும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். உளியும் இழைப்புளியும் ஆயுள் முழுதும் உடனிருப்பவை. அவற்றிற்கு நிலையான மாடம் பொருந்தும். நாளைக்கு முறியப்போகும் அலகுக்கு மாடம் எதற்கு? அதற்கு வேண்டுவது கணக்கு. எது தீர்ந்தது, எது எஞ்சியது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். வினைஞர் பலரும் கண்ட வழி, கட்டையில் வரிசையாகத் துளையிட்டுக் கண்ணாடிக் குழாய்களை நிறுத்தி, மெல்லியதிலிருந்து தடித்தது வரை முறையே வைப்பதுதான். குழாய் காலியானால் கண்ணே சொல்லும்.

கைவேலையைக் கல்வியாக்கிய சுவீடன் நாட்டு ஓட்டோ சாலமனை ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அறிவர். நேஸ் என்னும் ஊரில் பல நாட்டு ஆசிரியர்க்கும் அவர் பயிற்சி அளித்தார். ஒழுங்கு, செம்மை, தூய்மை ஆகிய பழக்கங்களை அவர் கைவேலையின் நோக்கங்களாகவே குறித்தார். கைத்தொழில்கள் பலவற்றை ஒப்பிட்டு, தச்சுச் சுலோய்டையே அவர் சிறந்ததெனக் கொண்டார்; பிரெட் வேலைக்கு அத்துணை மதிப்புத் தரவில்லை. உடல் முழுதும் உழைக்கும் வேலை அன்று இது என்பது உண்மையே. ஆயினும், அழுத்தினால் முறியும், அவசரப்பட்டால் முறியும், திருப்பத்தில் பொறுமை இழந்தால் முறியும் என்று மாணவனுக்கு உடனுக்குடன் விடை சொல்லும் கருவி இதனைப் போல் வேறொன்று உண்டா என்று அப்பெரியாரை நான் பணிவோடு கேட்பேன்.

நம் நாட்டில் அலகின் முதற்பகை முறிவு அன்று, துருவே. உளியின் மேல் படியும் துருவைத் தீட்டுக்கல்லில் நீக்கிவிடலாம். 0.16 மில்லிமீட்டர் தடிப்புள்ள அலகில் அதே அளவு துரு ஏறினால் எஞ்சுவது என்ன? பல்முனை மழுங்கிவிடும், துரு தின்ற இடத்தில் முறியும். ஆண்டிறுதி விடுமுறைக்கு முன் புத்தம் புதிய கட்டு ஒன்றைத் தாளிற் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன். மழைக்காலம் அது. பள்ளி திறந்து பார்த்தபோது அலகுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் செந்நிறக் குச்சியாக இருந்தன. தாள் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அதன்பின், எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, இறுக மூடும் குழாயில் இட்டு, மருந்துப் புட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்றையும் உடன் வைத்து வருகிறோம். அறுக்கும்முன் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும்; இல்லையேல் பலகை கறைபடும்.

துருப்பிடித்த அக்கட்டின் உறையில் எண் அழிந்துவிட்டது. ஆறாம் வகுப்பு மாணவர் இருவர் நுண்ணளவியால் அளந்து, அஃது இரட்டைச்சுழியா முச்சுழியா என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கின்றனர்.