சொந்த அடுப்பு

அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டனர் பழமை விரும்பிகள். படிப்பே வேண்டாம் என்றவர்கள், பொதுவாழ்வு வேண்டும் என்றா கூறுவர்? அடுப்படி பெண்ணைப் பூட்டிவைக்கும் சிறை என்று நாம் பேசி வருகிறோம், அது உண்மையே. ஆனால், அதே அடுப்படி ஓர் உரிமைப் போருக்குக் கருவூலமாக விளங்கிய வரலாறும் உண்டு. அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத் தலைநகராம் மாண்ட்கோமரியில் நடந்தது அது.

1955 டிசம்பர் 1 ஆம் நாள், ரோசா பார்க்ஸ் என்னும் தையல் தொழிலாளி, பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்தார்; கைது செய்யப்பட்டார். டிசம்பர் 5 ஆம் நாள் முதல் அந்நகரத்துக் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தனர். 381 நாட்கள் நீடித்தது அந்தப் புறக்கணிப்பு. தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங்குக்கு அப்போது வயது 26.

381 நாட்கள் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அந்த மக்கள் நாள்தோறும் வேலைக்குப் போனது எப்படி? கறுப்பின வாடகை வண்டிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றிச் சென்றனர். 45 சென்ட்டுக்குக் குறைந்து வாங்கலாகாது என்று சட்டத்தைக் காட்டி அதைத் தடுத்தது நகராட்சி. மக்கள் தளரவில்லை, தம்முடைய கார்களைக் கூட்டாக ஓட்டினர். ஏறத்தாழ 300 கார்கள்! பெட்ரோல் வேண்டும், பழுது பார்க்க வேண்டும், காப்பீடு கட்ட வேண்டும். உணர்ச்சியை ஊற்றினால் ஓடுமா வண்டி? பணம் எங்கிருந்து வரும்?

இங்குதான் ஜார்ஜியா கில்மோர் அம்மையாரைக் காண்கிறோம். அவர் மேடைப் பேச்சாளர் அல்லர். பட்டம் பெற்றவரும் அல்லர். உணவு விடுதி ஒன்றில் சமையல் செய்து, தனியொருத்தியாகப் பிள்ளைகளை வளர்த்த தாய். புறக்கணிப்பு தொடங்குமுன்பே, முன்வாசல் வழியாகப் பேருந்தில் ஏறிக் காசு கொடுத்த அவரை, இறங்கிப் பின்வாசல் வழியாக வா என்றான் ஓட்டுநன். அவர் இறங்கியதும் வண்டியை ஓட்டிச் சென்றுவிட்டான். காசும் போயிற்று, வண்டியும் போயிற்று. இனிப் பேருந்தில் ஏறுவதில்லை என்று அன்றே உறுதி பூண்டார் அம்மையார்.

1956 மார்ச்சில் கிங்மீது வழக்கு நடந்தபோது, நீதிமன்றத்தில் நின்று இதைக் கூறினார். உண்மை பேசியதற்குக் கிடைத்த பரிசு என்ன? வேலை பறிபோயிற்று! பிறர் அடுப்பில் சமைப்பவள் வாயைத் திறக்கலாகாது; திறந்தால் வயிறு காயும். அடிமைத்தனம் சங்கிலியால் மட்டுமா கட்டுகிறது? கூலியாலும் கட்டுகிறது.

நீரே ஏன் சொந்தத் தொழில் நடத்தக் கூடாது என்று கேட்டார் கிங். தொடங்கப் பொருளும் உதவினார். கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. வீட்டுச் சமையலறையே தொழிற்கூடம். பொழுது புலருமுன் எழுந்து சமைப்பார். நண்பகலில் அவ்வீட்டில் கூட்டம் நிறையும். பொரித்த கோழி, கீரை, இனிப்புப் பண்டங்கள் இவற்றை நாடி வந்தவர்களுள் வெள்ளையரும் உண்டு. நகரத்துச் சட்டம் பிரித்துவைத்தவர்களை ஒரு சாப்பாட்டு மேசை சேர்த்துவைத்தது!

இதற்கு முன்பே அவரும் தோழியரும் தமக்குள் 14 டாலர் திரட்டி, கோழியும் ரொட்டியும் வாங்கிச் சமைத்து, போராட்டக் கூட்டத்தில் விற்றிருந்தனர். அந்தச் சிறு முதல் வளர்ந்தது. பெண்கள் பலர் தத்தம் வீட்டில் பணியாரம் சுட்டு விற்றுப் பணம் தந்தனர். அவர்களுள் பலர் வெள்ளையர் வீட்டு வேலைக்காரிகள். பெயர் வெளிப்பட்டால் பிழைப்புப் போகும். ஆகவே தம் அமைப்புக்கு 'எங்கிருந்தும் இல்லை' கழகம் என்று பெயரிட்டனர். பணம் எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் இல்லை! கூட்டந்தோறும் அம்மையார் எழுந்து தொகையை அறிவிப்பார், அரங்கம் ஆரவாரிக்கும். பண்டம் விற்ற காசு பெட்ரோலாயிற்று. பெட்ரோல் 381 நாட்கள் ஓட உதவியது.

1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பேருந்துப் பிரிவினை செல்லாது எனும் தீர்ப்பை உறுதி செய்தது. டிசம்பர் 21 அன்று மக்கள் தலைநிமிர்ந்து பேருந்தில் ஏறினர். அம்மையார் அதோடு ஓயவில்லை. நகரப் பூங்காக்களில் கறுப்பினத்தாருக்கு இடமில்லை என்ற கொடுமையை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1959 இல் நீதிமன்றம் அந்தப் பிரிவினையும் செல்லாது என்றது. வேலையிலிருந்து விரட்ட எவருமில்லாத பெண்ணை எதைக் காட்டி அச்சுறுத்துவது?

1990 மார்ச்சில், செல்மா நடைப்பயணத்தின் 25 ஆம் ஆண்டு நினைவுக்கு வருவோருக்காகச் சமைத்துவந்த நாளில் அவர் மறைந்தார். அவர் சமைத்த உணவையே துக்கத்துக்கு வந்தோருக்குப் பரிமாறினர் குடும்பத்தார்.

இளந்தோழர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். உரிமைப் போருக்கு நாவன்மை வேண்டும். அதனினும் முந்தி, நாவைப் பூட்ட முடியாத பிழைப்பு வேண்டும். பெண்ணை அடிமையாக்கியது அடுப்பு அன்று. அந்த அடுப்பும் அதில் விளைந்த காசும் அவளுடையன அல்ல என்ற ஏற்பாடே அடிமையாக்கியது. ஏற்பாட்டை மாற்றினார் ஒரு சமையற்காரி. ஊரே நடந்தது, அந்த நடைக்குச் சோறிட்டது அவர் கை.